தொகுத்தவர் உழைப்பும் மாணவர் தேவையும்

சட்டம் சில சொற்களில் அடங்கிவிடும். அச்சொற்களின் எல்லை யாது என்பதோ, வழக்கு வந்த பிறகே தெளிவாகும். பதிப்புரிமைச் சட்டம் உயர்நீதிமன்றங்களால் உருப்பெற்ற வரலாற்றைப் பாடநூல் பற்றிய இரண்டு தீர்ப்புகளைக் கொண்டு காண்போம்.

முதலாவது, 1890-ஆம் ஆண்டுக் கல்கத்தாத் தீர்ப்பு. பால்கிரேவ் என்னும் ஆங்கிலேயர், மறைந்த கவிஞர்களின் பாடல்களைத் தேர்ந்து, 1861-இல் 'கோல்டன் டிரஷரி' என்ற தொகைநூலை வெளியிட்டார். அதிலுள்ள பாடல்களையே கல்கத்தாவில் ஒருவர், மாணவருக்குரிய குறிப்புகளுடன் அச்சிட்டார். மாக்மில்லன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பாடல்கள் பழையன, அவற்றைத் தேர்ந்தெடுத்தவருக்கு உரிமை உண்டா? உண்டு என்றது உயர்நீதிமன்றம். பரந்த படிப்பும் சுவையறியும் திறனும் இன்றி நல்ல தொகை அமையாது. அவ்வுழைப்பைப் பிறர் எடுத்தாளலாகாது என்பது அதன் கருத்து.

இரண்டாவது, டில்லித் தீர்ப்பு. கற்பித்தலின்பொருட்டு ஆசிரியரும் மாணவரும் நூலைப் படியெடுத்தல் குற்றமன்று என 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆனால் எத்தனை பக்கங்கள் என்று கூறவில்லை. டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் நகலகம் ஒன்று, பல நூல்களின் பகுதிகளைப் பாடத்திட்டத்திற்கேற்பத் தொகுத்து விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் 2012-இல் வழக்கிட்டன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி அதனைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தனர். கற்பித்தல் வகுப்பறை நேரத்தோடு முடிவதன்று. பக்கக் கணக்கும் அளவுகோலாகாது. பாடத்திற்கு அப்பகுதி தேவையா என்பதே அளவுகோல் என்றனர். அத்தேவையை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியும் அனுப்பினர். 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

ஒரே பிரதியை வகுப்பு முழுவதும் கைமாற்றிப் படித்ததை ஆசிரியப் பணியில் நான் கண்டிருக்கிறேன். ஓர் அத்தியாயத்திற்காக ஒரு நூலை வாங்க இயலாத மாணவனுக்கு டில்லித் தீர்ப்பு கல்வியின் கதவைத் திறந்து வைத்தது. ஆயினும் எழுதியவருக்குப் பயன் கிட்டாவிடில் அடுத்த நூல் பிறவாது. நகலகத்தின் முன் நிற்கும் மாணவன், 'இப்பக்கங்கள் என் பாடத்திற்குத் தேவையா, நூலின் விலையை மிச்சப்படுத்தவா?' எனத் தன்னைக் கேட்டுக்கொள்வானாக. நீதிபதிகள் ஆராயச் சொன்னதும் அத்தேவையைத்தான்.