கிலோக் கணக்கில் கடற்குதிரை

தீவகத்தில் ஒரு கரை. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் போகப்போக விளங்கும். பங்குனி மாதம். வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழும்பாத நாட்கள். இடுப்பளவு தண்ணி, அடி தெரிகிற தெளிவு. சிறகு வலை வைக்கிற ஒரு ஐயாவோட நாங்கள் நாலு பேர் இறங்கினனாங்கள். ஒரு மணித்தியாலம் கடற்புல்லுக்குள்ள முகத்தை வைத்துத் தேடியும் ஒன்றும் இல்லை. ஐயா சிரிச்சார். "தம்பியவை, குதிரையைத் தேடாதேங்கோ. புல்லைப் பாருங்கோ. எந்தப் புல்லுக்குக் கண் இருக்கோ, அதுதான்."

அப்படித்தான் கண்டோம். விரல் நீளம், மஞ்சளும் மண்ணிறமும் கலந்த உடம்பு, வால் புல்லின் தண்டைச் சுற்றியிருந்தது. ஒரு கண் எங்களைப் பார்த்தது, மற்றது வேறெங்கோ பார்த்தது. முதுகுச் செட்டை செக்கனுக்கு 35 தடவை வரை அடிக்குமாம், எங்களுக்கு ஒரு மங்கலான நடுக்கம் மட்டும்தான் தெரிந்தது.

இந்த உயிரை மனிதர் அறிந்த வரலாற்றைத் தேடிப்போனால் முதலில் அகப்படுவது எல்லாம் செத்த குதிரைகள்தான். பழைய கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸ் அதன் சாம்பலை வழுக்கைத் தலைக்கு மருந்து என்றார். 1596இல் அச்சான லீ ஷிசெனின் சீன மருந்து நூலிலும் அது இருக்கிறது. ஏ.எல். உயிரியல் படித்தவர்களுக்கு மூளைப் படத்தில் 'ஹிப்போகம்பஸ்' நினைவிருக்கும். 1587இல் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் அரான்சி அந்தப் பகுதிக்குக் கடற்குதிரையின் பெயரை வைத்தார், வடிவம் ஒத்திருந்ததால். மேசையில் கிடந்த உடலைப் பார்த்தவர்களின் அறிவு இது. குறை சொல்லவில்லை, தண்ணிக்கு அடியில் இருந்து பார்க்க அவர்களிடம் வழி இருக்கவில்லை.

எங்கட கடலிலும் அதே கதைதான். 1902இல் ஹேர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரைப் பிரித்தானிய ஆட்சி மன்னார் வளைகுடாவுக்கு அனுப்பியது. அவருடைய அறிக்கை 1903க்கும் 1906க்கும் இடையில் ஐந்து பெரிய தொகுதிகளாக வந்தது. பல உயிர்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் வந்த காரணம் முத்துச் சிப்பி. சிப்பிக்கு விலை இருந்தது. கடலடியை உயிரோடு கண்டவர்கள் குளியாட்கள். அவர்கள் அங்கே வேறு எதைக் கண்டார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால் எங்களுக்கு இன்று எவ்வளவு கிடைத்திருக்கும்!

பார்க்கிற வேலை 1980களில்தான் சரியாகத் தொடங்கியது. கனடிய உயிரியலாளர் அமண்டா வின்சென்ட் தண்ணிக்குள் இறங்கி, சிட்னிக் கடற்புல்லில் சோடிகளை நாள்தோறும் கவனித்தார். காலையில் பெண் வந்து ஆணைச் சந்திக்கும். இரண்டும் நிறம் மாறி, ஒரே புல்லைப் பிடித்துச் சுற்றும், பிறகு பிரிந்து போகும். ஆண்தான் குஞ்சுகளைச் சுமக்கும். ஒன்று வலையில் போனால் மற்றதின் இனப்பெருக்கமும் நின்றுபோகும். உலர்ந்த உடலைப் பார்த்து இதை யாரும் எழுதியிருக்க ஏலாது.

அவரே வியாபாரத்தையும் தேடிப்போனார். 1996இல் வந்த அறிக்கையின்படி, முந்தைய வருசம் மட்டும் ஏறத்தாழ 2 கோடி கடற்குதிரைகள் விற்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் சீன மருந்துக்கு, உலர்த்தி, கிலோக் கணக்கில். பெரிய ஏற்றுமதியாளர்களில் இந்தியாவும் ஒன்று. இறாலுக்குப் போகிற இழுவை மடி அடியை வழிக்கும்போது புல்லோடு குதிரையும் வரும். இந்தியா 2001இல் பிடிப்பதையே தடுத்தது. சைட்டீஸ் கட்டுப்பாடு 2004 மே மாதம் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தால் விலை செத்துவிடாது. ஊர்ப் பெயரை நாங்கள் மறைப்பது இதனால்தான்.

இலங்கையில் இழுவை மடியைத் தடுக்கும் சட்டம் 2017இல் வந்தது. அக்கரைப் படகுகள் இப்பவும் இரவில் வருகின்றன. அந்தப் படகில் கூலிக்கு நிற்கிறவனும் தமிழ்தான் பேசுகிறான். அதனால் இந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று எங்களுக்குச் சுலபமாகத் தெரியவில்லை.

இன்னொன்று. சிட்னியில் ஒருவர் கடற்குதிரைகளைக் கவனித்துக்கொண்டிருந்த வருசங்களில் எங்கட கரையில் பாஸ், இரவுத் தொழில் தடை, முள்ளுக்கம்பி. கடலைப் பார்த்து நிற்பதே சந்தேகமான காரியம். ஐயாவும் பல வருசம் வலையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தவர். எங்களில் இரண்டு பேருக்கு முகமூடி போட்டுத் தண்ணிக்குள்ள பார்த்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டிலிருந்து கடல் அரைக் கிலோமீற்றர்.

போக விரும்பினால் காற்று விழுந்த காலையில் போங்கோ. செட்டையைப் போட்டு அடியைக் கலக்கக் கூடாது. தொடவோ, வாலைப் பிரிக்கவோ, பிளாஷ் அடிக்கவோ வேண்டாம். மருண்டால் அது ஓடாது, ஓட அதுக்குத் தெரியாது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

நாங்கள் கண்டது ஆண். வயிற்றுப் பை உருண்டு முட்டிக்கொண்டு நின்றது. ஐயா வலைப் பக்கம் போகாமல் எங்களோடயே குனிந்து நின்றார். "இத்தனை வருசம் வலையில இருந்து கழட்டி எறிஞ்சிருக்கிறன், இவ்வளவு நேரம் பார்த்ததில்லை" என்றார். நீர் ஏறத் தொடங்கவே கரைக்கு வந்தோம். கொப்பியில் திகதி, ஆழம், புல்லின் வகை, 'ஆண் 1' என்று எழுதினோம். இடம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டோம்.