துறவியர் அளந்த கிண்ணம்

திருமணத் தயாரிப்பு வகுப்பு ஒன்றில் குடிப்பழக்கத்தின் தீமைகளைப் பற்றிப் பேசி முடித்திருந்தோம். ஓர் இளைஞர் எழுந்து, “சாமி, ஐரோப்பாவில் மடத்துத் துறவிகளே பீர் காய்ச்சினார்களாமே? அவர்களுக்குப் பாவமில்லை என்றால் எங்களுக்கு மட்டும் எப்படிப் பாவமாகும்?” என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நாம் அளித்த பதில் நமக்கே நிறைவு தரவில்லை. குறும்பாகக் கேட்கப்பட்டதாயினும் அக்கேள்வியில் வரலாற்று உண்மை இருந்தது. அவ்வுண்மையை முழுமையாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக ஒரு மாதம் பணியாற்றினோம். ஒரு ஞாயிறு மாலை, அப்பங்கின் முதிய கோவிற்பிள்ளை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு பீர் புட்டிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இரண்டும் ‘டுங்கெல்’ என்று அங்கே வழங்கும் கருநிற லாகர் வகை. ஒன்றின் முகப்பில் கொழுத்த கன்னமுடைய துறவி ஒருவர் குவளையேந்திச் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றதில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. நம் தயக்கத்தைக் கண்ட பெரியவர், “குடிக்க வேண்டாம் தந்தையே, சுவைத்துத் தீர்ப்புச் சொன்னால் போதும்” என்றார். அதிகக் கறுப்பாகவும் துறவியின் படத்தோடும் இருந்ததைக் காட்டி, இதுவே சிறந்தது, இதுவே போதை மிகுந்தது என்றோம். இரண்டும் தவறு என்று பின்னர் தெரிந்தது.

அவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளைச் சோப்பின் வழவழப்பு சிறிதும் இல்லாதவாறு அலசினார். அது இருந்தால் நுரை நிற்காது. புட்டிகளைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியில் வைத்தார். மிகையான குளிரில் நாவு மரத்து, குறைகள் மறைந்துவிடும். பின்னர் நான்கு விரற்கடை ஊற்றிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பென்று நாம் எண்ணியது செம்பழுப்பாக ஒளிர்ந்தது. அடுத்து மணம். சுட்ட ரொட்டியின் மேற்பொருக்கும் வறுத்த கொட்டையும் போல் மணக்க வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டியின் மணம் வந்தால் பழையது. வெண்ணெய் மணம் வந்தால் பெரும்பாலும் போதிய நாள் கிடங்கில் வைக்காதது. அதன் பின்னரே ஒரு மிடறு. அந்தச் சுவை முற்றிலும் அடங்கும்வரை அவர் பேசவுமில்லை, மறு மிடறு அருந்தவுமில்லை. எளிய புட்டியில் இருந்ததைப் பாராட்டினார். துறவி சிரித்த புட்டியைப் பற்றி, “நிறம் இருக்கிறது, தானியம் இல்லை” என்றார்.

அத்தீர்ப்பின் பொருளை அறிய, கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பார்லியை நனைத்து முளைகட்ட வைத்து, பின் சூளையில் உலர்த்துவார்கள். இதுவே மால்ட். பண்டைய சூளைகளில் விறகின் நெருப்பும் புகையும் நேரே தானியத்தில் பட்டதால் மால்ட் பழுப்பேறியது, பீரும் பழுப்பாயிற்று. மியூனிக் நகரத்தார் பிற்காலத்தில் புகையைத் தவிர்த்தும், அந்தப் பழுப்பையும் ரொட்டிச் சுவையையும் விட்டுவிடவில்லை. ஆனால், கரிய வறுத்த மால்ட்டிலிருந்து எடுத்த சாற்றைச் சிறிதளவு கலந்தாலும் வெளிர்நிறப் பீர் கறுத்துவிடும். ஜெர்மானியச் சட்டம் இதனை அனுமதிக்கிறது. எனவே நிறம் எதற்கும் சான்றாகாது. போதைக்கும் அது சான்றன்று: மியூனிக் வகைக் கருநிற லாகரிலும் வெளிர்நிற லாகரிலும் ஆல்கஹால் ஏறத்தாழ 5 விழுக்காடே.

‘லாகர்’ என்ற சொல் சேமித்து வைத்தலைக் குறிக்கும். குளிரில் மெல்ல நொதித்து, வாரக்கணக்கில் கிடங்கில் முதிர்வதே இவ்வகை. இதன் வரலாற்றில் நம் புனிதர்களின் திருநாள்களும் இடம்பெற்றுள்ளன. 1516-ஆம் ஆண்டு இன்கோல்ஸ்டாட் நகரில் பவேரியக் கோமகன்கள் நான்காம் வில்லெமும் பத்தாம் லுட்விக்கும் வெளியிட்ட ஆணை, பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் ஆகியவற்றால் மட்டுமே பீர் காய்ச்சப்பட வேண்டும் என்றது. புனித மிக்கேல் திருநாள் முதல் புனித ஜார்ஜ் திருநாள் வரை ஒரு படிக்கு 1 காசும், எஞ்சிய கோடை மாதங்களில் 2 காசும் மிகாத விலையை வகுத்தது. 1553-இல் மற்றோர் ஆணை, அந்தக் குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சலாம் என்று கட்டுப்படுத்தியது. கோடைக்கு வேண்டியதைக் குளிர்ந்த நிலவறைகளில் சேமிக்க நேர்ந்ததால் லாகர் வகை வேரூன்றியது. காய்ச்சியதைச் சோதிக்க நகரங்கள் சுவைஞர்களை அமர்த்தின. தரம் குறைந்ததை விற்க விடாதிருப்பது அவர்கள் கடமை. சுவைப்பது அன்று இன்பமாக மட்டும் இருக்கவில்லை. ஏழையின் காசுக்குக் காவலாகவும் இருந்தது.

இனித் துறவியருக்கு வருவோம். புனித ஆசீர்வாதப்பர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கின் 40-ஆம் அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. மது துறவிகளுக்கு உரியதன்று என்பதே முன்னோர் கருத்து என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். எனினும் தம் காலத்தவரின் பலவீனத்தைக் கருதி, நாளொன்றுக்கு ஒரு ‘ஹெமினா’ திராட்சை இரசத்தை அனுமதிக்கிறார். பலர் கணிப்பில் அது ஏறத்தாழக் கால் லிட்டர். வேலையும் வெயிலும் மிகும்போது கூட்டித் தரலாமா என்பதை மடத்தலைவரே தீர்மானிப்பார். முற்றிலும் விலகி நிற்க ஆற்றல் பெற்றவருக்குத் தனிப் பரிசு உண்டு என்றும் கூறுகிறார். திராட்சை விளையாத வடநாடுகளில் பீர் அவ்விடத்தைப் பெற்றது. 816-ஆம் ஆண்டு ஆகன் நகரில் கூடிய சங்கம், இரசம் இல்லாத மடங்களில் அதைப்போல் இருமடங்கு நல்ல பீர் தரலாம் என்றது. இருமடங்கும் ஓர் அளவே.

டானியூப் நதிக்கரையிலுள்ள வெல்டன்பர்க் ஆசீர்வாதப்பர் மடம், தன் காய்ச்சுசாலையின் தொடக்கத்தை 1050-ஆம் ஆண்டாகக் குறிப்பிடுகிறது. மியூனிக்கில், புனித பவோலா பிரான்சிசின் மினிம் சபைத் துறவிகள் ஆண்டு முழுவதும் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்கியவர்கள். அவர்கள் காய்ச்சிய சத்து மிகுந்த கருநிறப் பீர் அவர்களுக்கு நோன்புகால உணவைப் போல் உதவியது. அதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. இவ்வளவு சுவையான பானம் நோன்புக்குத் தகுமா என்ற ஐயத்தால் ஒரு பீப்பாயை உரோமைக்கு அனுப்பினார்களாம். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வெயிலில் குலுங்கிப் புளித்துப்போனதைச் சுவைத்த திருத்தந்தை, இத்தகைய பானம் தவமுயற்சிக்கு மிகவும் பொருத்தமே என்று தீர்ப்பளித்தாராம்! இது கதையே ஆயினும், தாம் விரும்பியதைப் பிறர் தீர்ப்புக்கு உட்படுத்தும் மனம் அதில் தெரிகிறது.

அம்மடம் 1799-இல் கலைக்கப்பட்டது. வெல்டன்பர்க் 1803-இல் மூடப்பட்டு, 1842-இல் மன்னர் முதலாம் லுட்விக்கின் காலத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. அதே 1842-இல், பவேரியரான யோசெப் குரோல் பொகீமியாவின் பில்சன் நகரில் பொன்னிற லாகரைக் காய்ச்சினார்; உலகின் விருப்பம் வெளிர்நிறத்தின் பக்கம் திரும்பத் தொடங்கியது. 1870-களில் கார்ல் ஃபொன் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் வந்தபின் எக்காலத்திலும் எவ்வளவும் காய்ச்சலாம் என்றாயிற்று. திருநாள்கள் வகுத்த எல்லை பொருளிழந்தது. கருநிற லாகர் முற்றிலும் மறையவில்லை; 2004, 2008, 2012 ஆகிய ஆண்டுகளின் உலக பீர் கோப்பைப் போட்டிகளில் வெல்டன்பர்க்கின் கருநிறப் பீர் தங்கப் பதக்கம் பெற்றது. அப்போட்டியில் பெயர் மறைக்கப்பட்ட குவளைகளையே நடுவர்கள் சுவைக்கிறார்கள். முகப்புப் படம் அங்கே செல்லாது. கடைத்தட்டில்தான் அது செல்லுபடியாகிறது. மடமே இல்லாத ஆலைகளின் புட்டியிலும் துறவி சிரிக்கிறார். அவருடைய முகத்தை எடுத்துக்கொண்ட வணிகம் அவருடைய ‘ஹெமினா’வை விட்டுவிட்டது.

அன்று மாலை பெரியவர் அரைக் குவளையோடு நிறுத்திக்கொண்டார். எஞ்சியதை மறுநாள் சமையலுக்கு என்று எடுத்து வைத்தார். நாவு மழுங்கியபின் நல்லதும் தீயதும் ஒன்றாகிவிடும், ஆகவே நிறுத்தத் தெரிந்தவரே தீர்ப்புச் சொல்ல முடியும் என்பது நமக்கு அப்போது விளங்கியது. சுவைப்பவர் வேறு, குடிப்பவர் வேறு. நம் பங்குகளில் சம்பள நாளன்று நாம் காண்பது சுவைப்பதன்று. பூட்டிய கதவுக்கு வெளியே பிள்ளைகளோடு நிற்கும் தாயிடம், துறவியரும் காய்ச்சினார்கள் என்ற வரலாற்றைச் சொல்லி என்ன பயன்?

அந்த இளைஞரின் திருமணத்தை அடுத்த மாதம் நாமே நிறைவேற்றி வைத்தோம். அன்று சொல்லாமல் விட்ட பதில் இதுதான். துறவியர் காய்ச்சியது உண்மை. அளந்ததும் அதே அளவு உண்மை. அந்த அளவையும் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் மடத்தலைவரிடம் ஒப்படைத்தார்கள். அளவில் நிற்க இயலாதவர்களுக்கு, முற்றிலும் விலகி நிற்போரின் பரிசு திறந்தே இருக்கிறது. தம்பி, உங்கள் கிண்ணத்தை அளக்கும் உரிமையை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? அன்று வகுப்பில் சிரிக்காமல் இருந்தவரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.