லாகோஸ் பெருநகரத்தின் மக்கள்தொகை: எல்லை, எண்ணிக்கை, அதிகாரம் (1866–2006)

ஆய்வுச் சுருக்கம்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிகப்பெரிய பெருநகரங்களாகக் கெய்ரோ, லாகோஸ், கின்சாசா ஆகிய மூன்றும் சுட்டப்படுகின்றன. இவற்றுள் லாகோஸின் மக்கள்தொகை குறித்து ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட எண்கள் வழங்கிவருகின்றன. 1866 முதல் 2006 வரை நடைபெற்ற கணக்கெடுப்புகளின் வழி அம்மாறுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நகர எல்லை குறித்த வரையறை, கணக்கெடுப்பின் மீதான அரசியல் போட்டி, முன்கணிப்பு முறை ஆகிய மூன்றும் லாகோஸின் எண்ணை உருவாக்கியுள்ளன என்பதும், எல்லையையும் அடிப்படையையும் குறிப்பிடாத எந்த எண்ணும் ஆய்வுச் சான்றாக நிற்காது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: லாகோஸ், நைஜீரியா, பெருநகர வளர்ச்சி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, காலனிய நகரம், நிதிப் பகிர்வு

முன்னுரை

ஐக்கிய நாடுகள் அவை 2018இல் வெளியிட்ட உலக நகரமயமாக்க மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் கெய்ரோவில் சுமார் 2 கோடி பேரும், லாகோஸில் 1.35 கோடி பேரும், கின்சாசாவில் 1.32 கோடி பேரும் வாழ்ந்தனர். 1950ஆம் ஆண்டிற்கு அதே மதிப்பீடு தரும் எண்கள் முறையே 25 இலட்சம், 3.25 இலட்சம், 2 இலட்சம் ஆகும். இதன்படி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் கெய்ரோ 8 மடங்கும், லாகோஸ் 41 மடங்கும், கின்சாசா 65 மடங்கும் வளர்ந்துள்ளன.

ஒரே அட்டவணையில் இடம்பெற்றாலும் இம்மூன்று எண்களும் ஒரே தன்மையன அல்ல. எகிப்தில் 1996, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் கணக்கெடுப்பு நடைபெற்றது. ஆயினும் கெய்ரோ பெருநகரம் கெய்ரோ, கீசா, கல்யூபியா ஆகிய மூன்று ஆளுநரகங்களில் பரவியிருப்பதால் எல்லை பற்றிய வினா அங்கும் எழுகிறது. காங்கோ மக்களாட்சிக் குடியரசில் இறுதியாக முழுமையான கணக்கெடுப்பு நடைபெற்ற ஆண்டு 1984. எனவே கின்சாசாவின் இன்றைய எண் நெடுங்கால நீட்டிப்பின் விளைவு ஆகும். லாகோஸின் நிலை இவ்விரண்டினின்றும் வேறானது. அங்குக் கணக்கெடுப்புகள் நடைபெற்றன; அவற்றின் முடிவுகளே வழக்காயின. இவ்வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

காலனிய நகரமும் அதன் எல்லையும்

1851இல் பிரித்தானியக் கடற்படையின் தாக்குதலுக்கு உள்ளான லாகோஸ் 1861இல் காலனியாக இணைத்துக்கொள்ளப்பட்டது. 1866ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோர் சுமார் 25 ஆயிரம் பேர். 1896இல் தொடங்கப்பட்ட இருப்புப்பாதைப் பணி 1901இல் இபாதானை இணைத்ததும், 1914இல் ஒருங்கிணைந்த நைஜீரியாவின் தலைநகராக லாகோஸ் ஆனதும் துறைமுகம், இருப்புப்பாதை, அரசு அலுவலகம் ஆகியவற்றைச் சார்ந்த வேலைவாய்ப்பைப் பெருக்கின. 1931இல் 1.26 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1950இல் 2.30 இலட்சமாக உயர்ந்தது.

இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி தீவு நகரத்திற்கு வெளியே நிகழ்ந்தது. 1924இல் தோன்றிய கொள்ளைநோயைத் தொடர்ந்து 1928இல் லாகோஸ் நிர்வாக மேம்பாட்டு வாரியம் நிறுவப்பட்டது. 1955இல் தொடங்கிய குடிசை அகற்றும் திட்டத்தின்கீழ்த் தீவின் மையப்பகுதியில் வாழ்ந்தோர் பலர் பெருநிலப்பகுதியிலுள்ள சுருலேரேவிற்கு மாற்றப்பட்டனர். முஷின், இக்கெஜா முதலிய குடியிருப்புகள் நகரத்தோடு ஒட்டி வளர்ந்தபோதிலும், ஆட்சி நிலையில் மேற்கு மண்டலத்தைச் சார்ந்திருந்தன. 1954இல் லாகோஸ் கூட்டாட்சி ஆட்சிப்பகுதியாகத் தனித்துப் பிரிக்கப்பட்டபோது இப்பிளவு மேலும் உறுதிப்பட்டது.

இதன் விளைவை எண்களில் காணமுடிகிறது. 1950ஆம் ஆண்டிற்கு நகராட்சிக் கணக்கெடுப்புத் தரும் எண் 2.30 இலட்சம், ஐ.நா. மதிப்பீடு தரும் எண் 3.25 இலட்சம். 1963இல் கூட்டாட்சி ஆட்சிப்பகுதியில் 6.65 இலட்சம் பேர் கணக்கிடப்பட்டனர். அடுத்தமைந்த புறநகர்களையும் சேர்த்தால் அவ்வெண் சுமார் 11 இலட்சமாகிறது. ஒரே ஆண்டில் ஒரே நகரத்திற்கு இரண்டு எண்கள் அமைவதற்கு இங்கு எல்லையே காரணமாகிறது. 1967 மே 27 அன்று லாகோஸ் மாநிலம் உருவாக்கப்பட்டபோது நகரமும் புறநகரும் ஓராட்சியின்கீழ் வந்தன. எனினும் பின்னாளில் நகரம் மாநில எல்லையையும் கடந்து அண்டையிலுள்ள ஓகுன் மாநிலத்தினுள் பரவியது. சுமார் 3,577 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய லாகோஸ் மாநிலமே நைஜீரியாவின் பரப்பளவிற் சிறிய மாநிலம் என்பது இங்குக் கருதத்தக்கது.

கணக்கெடுப்பும் அரசியலும்

விடுதலைக்குப் பின் நைஜீரியாவில் மக்கள்தொகை நாடாளுமன்ற இடங்களையும் நிதிப் பங்கையும் தீர்மானிக்கும் அளவுகோலாயிற்று. 1962ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவுகள் வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே பூசலை விளைவித்தமையால் கைவிடப்பட்டன. மறு ஆண்டு நடைபெற்ற கணக்கெடுப்பு நாட்டின் மக்கள்தொகை 5.57 கோடி என அறிவித்தது. அதனைக் கிழக்கு மண்டல அரசு ஏற்க மறுத்தது. 1973ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1975இல் முர்தலா முகமது ஆட்சியில் நீக்கப்பட்டது. ஆகவே 1963க்கும் 1991க்கும் இடைப்பட்ட 28 ஆண்டுகளில், அதாவது எண்ணெய் வருவாயால் லாகோஸ் மிக விரைவாக வளர்ந்த காலத்தில், ஏற்கப்பட்ட கணக்கெடுப்பு எதுவும் இல்லை.

1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நாட்டின் மக்கள்தொகையை 8.90 கோடி என்றும், லாகோஸ் மாநிலத்தின் மக்கள்தொகையை 57.3 இலட்சம் என்றும் அறிவித்தது. நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் வாழ்வதாக அதுவரை பன்னாட்டு நிறுவனங்கள் கருதிவந்தமையால் இம்முடிவு வியப்புடன் நோக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சமயம், இனம் ஆகியன பற்றிய வினாக்கள் தவிர்க்கப்பட்டன. ஆயினும் பூசல் தவிர்க்கப்படவில்லை. லாகோஸ் மாநிலத்திற்கு 91 இலட்சமும், கானோ மாநிலத்திற்கு 94 இலட்சமும் அறிவிக்கப்பட்டன. லாகோஸ் மாநில அரசோ, தான் இணையாக நடத்திய கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 1.75 கோடி என்று உரைத்தது.

இவ்விரு எண்களையும் 1991ஆம் ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டிலும் இடர்ப்பாடு இருப்பதை அறியமுடிகிறது. தேசிய எண்ணின்படி 1991–2006 காலப்பகுதியில் லாகோஸ் மாநிலம் 59 விழுக்காடு வளர்ந்தது. நாடு முழுமையும் 58 விழுக்காடு வளர்ந்தது. நாட்டின் தலையாய வணிக நகரம், பிற மாநிலங்களிலிருந்து இடையறாது மக்கள் வந்து குடியேறும் நகரம், நாட்டின் சராசரி வேகத்தில் மட்டுமே வளர்ந்தது என்பதற்கு விளக்கம் தேவை. குறைந்த பிறப்பு வீதமும் ஓகுன் மாநிலத்தினுள் நிகழ்ந்த பரவலும் அதன் ஒரு பகுதியை விளக்கக்கூடும். மாநில அரசின் எண்ணை ஏற்றால், லாகோஸ் அதே காலத்தில் மும்மடங்காகப் பெருகி, ஆண்டுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு வளர்ந்திருக்கவேண்டும். 1991இல் பெருந்தொகையினர் விடுபட்டிருந்தாலன்றி அதனை ஏற்பதும் அரிது. எனவே சிக்கலின் ஒரு வேர் 2006இல் மட்டுமன்றி 1991இலும் இருத்தல் கூடும்.

முன்கணிப்பின் வரலாறு

ஏற்கப்பட்ட கணக்கெடுப்பு இல்லாத இடத்தை முன்கணிப்பு நிரப்பியது. 1990களின் நடுப்பகுதியில் வெளியான ஐ.நா. கணிப்புகள் 2015இல் லாகோஸில் சுமார் 2.4 கோடி பேர் வாழ்வர் எனக் கூறின. அதே நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் 2015க்குத் தரும் எண் சுமார் 1.2 கோடி. முன்னைய கணிப்பு ஏறத்தாழ இருமடங்காக அமைந்திருந்தது. எண்ணெய் வளக்காலத்து வளர்ச்சி வீதம் தொடரும் என்ற கருத்து இதற்குக் காரணம் எனலாம். 1980களில் எண்ணெய் விலை வீழ்ந்தது. 1986இல் பொருளாதாரச் சீரமைப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1991 டிசம்பரில் தலைநகர் அபுஜாவிற்கு மாறியது. நகர வாழ்வின் செலவும் வேலையின்மையும் பெருகுங்கால் ஆப்பிரிக்க நகரங்களை நோக்கிய இடப்பெயர்வு தளர்கிறது என டெபோரா பாட்ஸ் முதலிய அறிஞர்கள் நிறுவியுள்ளனர்.

எண்ணிக்கையின் பயன்

நைஜீரியக் கூட்டாட்சி நிதியில் மாநிலங்களுக்கிடையே பகிரப்படும் பங்கில் 30 விழுக்காடு மக்கள்தொகையையும், 40 விழுக்காடு மாநிலங்களின் சமநிலையையும் அடிப்படையாகக் கொண்டது. உள்ளாட்சிகளின் எண்ணிக்கையும் நிதி வரவைப் பாதிக்கிறது. ஏறத்தாழ ஒத்த மக்கள்தொகை அறிவிக்கப்பட்ட கானோவில் 44 உள்ளாட்சிகளும் லாகோஸில் 20 உள்ளாட்சிகளும் உள்ளன. லாகோஸ் மாநில அரசு மேலும் 37 உள்ளாட்சிகளை உருவாக்க முற்பட்டபோது 2004இல் கூட்டாட்சி அரசு நிதியை நிறுத்திவைத்தது. அவ்வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இப்பின்னணியில் 2006ஆம் ஆண்டுப் பூசலை வெறும் புள்ளியியல் வேறுபாடாகக் கொள்ள இயலாது.

எண்ணிக்கையின் விளைவு மாநில அரசோடு நிற்பதில்லை. 1990 ஜூலையில் மரோகோ குடியிருப்பு இடிக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டோர் சுமார் 3 இலட்சம் என மதிப்பிடப்படுகிறது. அடுத்த ஆண்டு நவம்பரில் கணக்கெடுப்பு நடைபெற்றபோது அவர்கள் சிதறிச் சென்ற இடங்களில்தாம் எண்ணப்பட்டிருத்தல் கூடும். காயலின் மீதமைந்த மகோகோவிற்கு இன்றும் சில பத்தாயிரம் முதல் சில இலட்சம் வரை வெவ்வேறு எண்கள் கூறப்படுகின்றன. குடிநீர், பள்ளி, மருத்துவமனை ஆகியன மக்கள்தொகையைக் கொண்டே திட்டமிடப்படுவதால், எண்ணில் இடம்பெறாதோர் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. வெளியேற்றத்தின்போது இழப்பீட்டுக்கு உரியோர் எத்தனை பேர் என்பதையும் அவர்களால் நிறுவ இயலாது போகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. லாகோஸின் பெருவளர்ச்சி ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயின் அதன் அளவு, எல்லையை எங்கு வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மக்கள்தொகை நிதியோடும் ஆட்சியதிகாரத்தோடும் பிணைக்கப்பட்டமையால் கணக்கெடுப்பு, போட்டியிடும் தரப்புகளின் களமாயிற்று. நம்பத்தகுந்த கணக்கெடுப்பு இல்லாத காலத்தில் எழுந்த முன்கணிப்புகள் பின்னர் பெருமளவில் திருத்தப்பட்டன. ஆகவே ஆப்பிரிக்கப் பெருநகரங்களைத் தரவரிசைப்படுத்தும் ஆய்வுகள் ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் எல்லை, கணக்கெடுப்பு ஆண்டு, நீட்டிப்புக் காலம் ஆகிய மூன்றையும் உடன் தருதல் இன்றியமையாதது. அவ்வாறு தரும்போதே கெய்ரோ, லாகோஸ், கின்சாசா ஆகியவற்றின் வளர்ச்சியை ஒப்பிடுவதற்குரிய அடித்தளம் அமையும்.