இன்ஹேலரின் முதல் பத்து வருடம்

லாஸ் ஏஞ்சலிஸில் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேய்சன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. கண்ணாடிக் குடுவையில் மருந்தை ஊற்றி, ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி உள்ளே இழுக்க வேண்டும். கீழே விழுந்தால் போச்சு. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி இதையும் டப்பாவில் அடைக்க முடியாதா என்று 1955இல் அவள் அப்பாவைக் கேட்டாள். மறு வருடமே இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது.

கதையை எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1959க்கும் 1966க்கும் நடுவில், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் ஆஸ்துமா மரணங்கள் ஏறக்குறைய எட்டு மடங்காயின. ஐசோபிரினலின் இன்ஹேலரை அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஐந்து மடங்கு வீரியமுள்ள வகையும் புழங்கியது. அது விற்காத அமெரிக்காவில் மரணங்கள் இப்படிக் கூடவில்லை.

வீரியம் இதயத்தைத் தாக்கியதா, அல்லது மூச்சு கொஞ்சம் லேசானதும் 'சரியாப்போச்சு' என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்தார்களா? வாதம் நீண்டது. நான் இரண்டாவதைத் தள்ளமாட்டேன். அந்த மருந்து இறுகிய மூச்சுக்குழாயை விரிக்கும். உள்ளே இருக்கிற அழற்சியைத் தொடாது. 1967இல் எச்சரிக்கை வந்தது, அடுத்த வருடம் சீட்டில்லாத விற்பனை நின்றது, மரணங்கள் இறங்கின. அழற்சியைத் தணிக்கும் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் 1972இல்தான் வந்தது.