மாற்றுக்கருத்தும் சினமும்: நடுநிலை வகுப்புகளில் ஒரே பயிற்சியின் தேவை

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயில்வோர் ஏறத்தாழ 11 முதல் 14 வயதினர். கண்முன் இல்லாத ஒன்றை வைத்தும் தருக்கம் செய்யும் திறன் 11, 12 வயதில் அரும்புவதாக உளவியலாளர் ழான் பியாஜே வகுத்தார். உணர்ச்சி வேகத்தை நெறிப்படுத்தும் முன்மூளைப் புறணியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. வாதிடும் ஆற்றல் முந்திக்கொள்ள, பொறுமை பின்தங்குகிறது. ‘எதிர்த்துப் பேசுதல்’ என்று கண்டிக்கப்படுவனவற்றுள் பல இவ்வளர்ச்சிப் பருவத்தின் இயல்பு.

கைகட்டி வாய்பொத்தச் செய்வது இதற்குத் தீர்வாகாது. அருவருப்பூட்டும் திரைக்காட்சியைக் கண்டவர்களை வைத்து உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியை முகத்தில் காட்டாது மறைத்தவர்களுக்கு உள்ளுணர்வு குறையவில்லை, உடற்கிளர்ச்சி கூடியது. காட்சியை வேறு கோணத்தில் எண்ணியவர்களுக்கோ உணர்வே தணிந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் கல்லூரி மாணவர்களே எனினும், அடங்கியிருக்கும் வகுப்பை அமைதியான வகுப்பாகக் கொள்ளலாகாது என்பதற்கு இது போதிய எச்சரிக்கை.

மன அமைதிப் பயிற்சியைத் தனிப்பாடமாக்குவதும் எளிதில் பலன் தருவதில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 11 முதல் 14 வயதினர் 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022இல் முடிவு வெளியான ‘மிரியட்’ ஆய்வில், மனக்கவனப் பயிற்சி வழக்கமான பள்ளிப் பயிற்சியைவிட மேலான பயன் தரவில்லை. சினம் எழும் இடம் கருத்து மோதும் இடம். அதைக் கையாளும் பழக்கமும் அங்கேயே ஏற்பட வேண்டும்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த முறை இதற்குப் பொருந்துகிறது. நால்வர் குழு இருவர் இருவராகப் பிரிகிறது. ‘மதிய இடைவேளையில் மைதானத்தை வகுப்புவாரியாகப் பங்கிட வேண்டுமா?’ என்பது பொருளானால், ஓரிணை ஆதரித்தும் மற்றது மறுத்தும் சான்றுகளோடு பேசும். பின்னர் இரண்டும் தரப்பை மாற்றிக்கொண்டு வாதிடும். இறுதியில் தரப்புகளைக் கைவிட்டு நால்வரும் பொதுவான முடிவொன்றை எழுதுவர். கருத்தையே மறுக்க வேண்டும், ஆளைப் பழிக்கலாகாது என்பது விதி. தான் சற்றுமுன் தாக்கிய கருத்தைத் தானே தாங்கிப் பேச நேரும்போது, மாணவர் நிலைமையை வேறு கோணத்தில் காண்கிறார். கிராஸின் ஆய்வில் உணர்வைத் தணித்த, வேறு கோணத்தில் எண்ணும் முறையும் இதற்கு நெருக்கமானதே.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றிய பட்டிமன்றம் சொல்வன்மையை நன்கு வளர்க்கிறது. ஆயினும் அதில் அணி மாறுவதில்லை, தீர்ப்பு நடுவருடையது. இடையில் ஒருமுறை அணி மாறச் செய்வதும், மறுக்குமுன் எதிரணியின் கூற்றை அவர்கள் ஏற்கும்படி எடுத்துரைக்கச் செய்வதும் பெருஞ்செலவின்றி இயலும்.

மாணவர்க்கான மதிப்பு ஆசிரியரிடமிருந்தும் வர வேண்டும். குழந்தை தன்னைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துரைக்கும் உரிமையை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 12ஆம் பிரிவில் ஏற்கிறது. இந்தியக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. வகுப்பின் முன் இழிவுபடுத்தப்பட்ட மாணவரிடம் பண்பான மறுப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று.

இந்த விவாத முறைக்கு எல்லையும் உண்டு. ஒரு மாணவரின் சாதி, உடலமைப்பு, சமயம் பற்றிய இழிசொல் ‘இன்னொரு கருத்து’ ஆகாது. அங்கே ஆசிரியர் முதலில் இழிசொல்லைத் தடுத்து, புண்பட்டவருக்குத் துணைநிற்க வேண்டும்; அவருடைய சினத்தைத் தணிக்கும் பேச்சு அதற்குப் பிறகே வரலாம்.