பெயரும் சாயலும்: ஒலித்துணுக்குத் தேடலில் மிருதங்கத்தின் இடம்

இசைத் தயாரிப்பாளர்கள் சாம்பிள் என்று வழங்கும் ஒலித்துணுக்குகளைத் தேடும் முறை அண்மை ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. முன்பெல்லாம் ஃபோல்டரையும் கோப்புப் பெயரையும் நம்பித் தேடினார்கள். இப்போது மென்பொருளே ஒலியைக் கேட்டுத் தரம் பிரிக்கிறது. ஸ்வீடனின் எக்ஸ்எல்என் ஆடியோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட எக்ஸ்ஓ, கணினியில் உள்ள தாள ஒலிகளையெல்லாம் ஒரு வரைபடத்தின் புள்ளிகளாக விரித்து, ஒத்த ஒலிகளை அருகருகே வைக்கிறது. சோனோனிம் என்ற மென்பொருளில் ஒலி நிறம், சுருதி, ஒலியளவு ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பதைப் பயனரே கூட்டிக் குறைத்து, கையிலுள்ள ஒலிக்கு நெருங்கியவற்றைத் தேடலாம். 2024 மார்ச்சில் வந்த ஏபிள்டன் லைவ் 12, சாயல் தேடலைத் தன் உலாவிக்குள்ளேயே கொண்டுவந்தது.

இவ்வசதிகளை நான் வரவேற்கிறேன். ஆயினும் சாயல் பெயருக்கு ஈடாகாது. ஒலியோடு அதன் பெயரும் பிறப்பும் பயணிக்காவிட்டால் இந்தத் தேடல் நம் இசைக்கு அரைப்பயனே தரும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு மிருதங்கத்தைச் சான்றாகக் கொள்கிறேன்.

முதலில் ஆதாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெயர்வழித் தேடலில் நமக்கு என்றும் இடம் குறைவு. 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி தரத்தின் 128 வாத்தியங்களில் சிதாரும் ஷெனாயும் உண்டு. அதன் தாள வாத்தியப் பட்டியலின் 47 ஒலிகளில் காங்கா, போங்கோ, மராக்கஸ் எல்லாம் இருக்க, தபேலாவோ மிருதங்கமோ இல்லை. கூகுள் 2017இல் வெளியிட்ட ஆடியோசெட் வகைப்பாடு தபேலாவைச் சேர்த்துக்கொண்டது, மிருதங்கத்தைச் சேர்க்கவில்லை. ஆகவே ஒரு மிருதங்க அடி 'பெர்க்கஷன்' ஃபோல்டரிலோ, அதைவிட மோசமாக 'எத்னிக்' ஃபோல்டரிலோ போய் விழுவதே வழக்கமாயிற்று. சாயல் தேடலுக்கு அந்தப் பட்டியல்கள் வேண்டியதில்லை. மிருதங்கத்தின் சாப்பு அடி ஒன்றைக் காட்டினால், யார் எந்தப் பெயரில் சேமித்திருந்தாலும் அது போன்ற ஒலிகளைக் கொண்டுவந்துவிடும். இது சிறிய விடுதலையல்ல.

ஆனால் 'போன்ற' என்பதைக் கணினி எதைக் கொண்டு அளக்கிறது? ஒலிச்சாயல் ஆய்வில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவை எம்எஃப்சிசி எனப்படும் மெல் அலைவெண் கெழுக்கள். 1980இல் டேவிஸ், மெர்மெல்ஸ்டீன் இருவரும் எழுதிய கட்டுரையால் பேச்சறிதலில் வேரூன்றிய முறை இது. 'அ' என்று ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் 'அ' என்றே அறிய வேண்டும் என்பதால், குரலின் சுருதியைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு ஒலிநிறத்தின் பொதுவடிவை மட்டும் வைத்துக்கொள்கிறது. பேச்சுக்கு அது நியாயம். கிக், ஸ்நேர் போன்ற மேற்கத்திய டிரம் ஒலிகளுக்கும் பெரிய இழப்பில்லை. மிருதங்கத்திலோ உதிர்க்கப்படுவதே உயிரான பொருள்.

காரணத்தைச் சி. வி. ராமன் 1920இலேயே சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் காட்டினார். சாதாரணத் தோல் வட்டம் ஒன்றோடொன்று இசையாத மேற்சுரங்களை எழுப்பும். இந்தியத் தோற்கருவியில் நடுவே அப்பும் கரிய பூச்சின் எடையால், முதற்சில மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழுமடங்குகளாக ஒழுங்குபடுகின்றன. அதனால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையைத் தம்புராவோடு சுருதி சேர்க்க முடிகிறது. பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் பாடினால் மிருதங்கமும் ஒரு கட்டை. மூன்று கட்டைப் பாடகருக்கு அந்த மிருதங்கத்தின் 'நம்' என்ற அடி உதவாது. எவ்வளவு சாயல் இருந்தாலும் கச்சேரியில் அது அபஸ்வரம்.

சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி குழுவினர் மிருதங்கச் சொற்களைக் கணினிக்குக் கற்பிக்க முனைந்தபோது இந்தச் சுருதிச் சிக்கலை எதிர்கொண்டார்கள். கலைஞர் அக்ஷய் அனந்தபத்மநாபன் வாசித்த 7162 தனி அடிகள் கொண்ட அவர்களது தொகுப்பு, 10 வகை அடிகளை 6 ஆதார சுருதிகளில் தருகிறது. கோப்போடு அடியின் பெயரும் சுருதியும் இருக்கின்றன. அந்த இரண்டையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது ஏழாயிரம் தட்டல்கள்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வலக்கை 'நம்' விழும் அதே கணத்தில் இடக்கை, இடப்பக்கமான தொப்பியில் 'தொம்' சேர்த்தால், கீழ்ச்சுர ஆற்றல் மிகுந்து வரைபடத்தில் அந்த ஒலி கிக் டிரம்மின் பக்கம் இழுபடக்கூடும். மிருதங்கம் பயின்ற காது அதில் இரு கைகளையும் தனித்தனியே கேட்கும். தஞ்சாவூர், புதுக்கோட்டை எனப் பாணிகள் மாறும்போது அடிகளுக்குச் சொல்லும் சொற்களும் மாறுகின்றன. இவற்றை அலைவடிவத்திலிருந்து மட்டும் பிரித்தெடுக்கச் சொல்வது மென்பொருளிடம் கேட்கக்கூடாததைக் கேட்பதாகும். வாசித்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

பெயரை இழந்த ஒலிக்கு நேர்ந்த கதி உலகறிந்தது. தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் பதிவுசெய்த 'ஆமென், பிரதர்' பாடலில் கிரிகரி கோல்மன் வாசித்த சில நொடி டிரம் பகுதி, ஹிப்-ஹாப், ஜங்கிள் இசைகளில் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. அவருக்கு அதிலிருந்து உரிமைத்தொகை ஒன்றும் வரவில்லை, 2006இல் மறைந்தார். அந்தத் துணுக்கு நூலகம் நூலகமாகப் பரவியபோது வாசித்தவரின் பெயர் உடன் செல்லவில்லை. சாயல் தேடல் இந்த மறதியை விரைவுபடுத்தும். ஒத்த ஒலி கிடைத்த பிறகு யாருடையது என்று கேட்க வேண்டிய தேவை தேடுபவருக்கு எழுவதில்லை. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் நடத்தும் ஃப்ரீசவுண்டில் உள்ள பல ஒலிகளை, பதிவேற்றியவரின் பெயரைச் சொன்னால் மட்டுமே பயன்படுத்தலாம். அந்த நிபந்தனையை நிறைவேற்றவும் பெயர் கோப்போடு இருந்தாக வேண்டும்.

இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் வடிவத்தில் விவரணை, பதிவுசெய்தவர், நாள், நேரம் ஆகியவற்றுக்குக் கோப்பினுள்ளேயே இடம் இருக்கிறது. வேவ் கோப்பில் மூலச் சுரத்தைக் குறிக்கவும் தனிப்பகுதி உண்டு. குறை என்னவென்றால், பயனர் உழைத்து இடும் குறிச்சொற்களைப் பல மென்பொருள்கள் தம் சொந்தத் தரவுத்தளத்தில் பூட்டிவைக்கின்றன. மென்பொருளை மாற்றினால் உழைப்பும் போயிற்று. குறிச்சொல்லைக் கோப்புக்குள் எழுதித் தராத எந்த வகைப்பாட்டு வசதியும், எவ்வளவு அழகான வரைபடத்தைக் காட்டினாலும், ஆவணப்படுத்தலுக்கு உதவாது.

மிருதங்கம், தவில், பறை, உறுமி ஆகியவற்றைப் பதிவுசெய்யும் கூடங்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: வாசித்தவர் பெயர், அடியின் சொல், பாணி, சுருதிக் கருவியாயின் எத்தனை கட்டை, பதிவின் நாள் ஆகிய ஐந்தையும் கோப்பு வெளியே போகும் முன் அதற்குள்ளேயே எழுதிவிடுங்கள்.