நடுக்கடலில் வரிசை: தே.எஸ்.எஃப். முதல் வைஃபை வரை

பிரெஞ்சில் பௌதிகம் படித்த எங்களுக்குக் கம்பியில்லாத் தந்தி என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் மார்கோனி அல்ல, எதுவார் பிரான்லி. 1890-ல் பாரிசில், உலோகத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேல் மின் அலை பட்டால் அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது என்று கண்டவர் அவர். மார்கோனியும் இதை மறக்கவில்லை. 1899 மார்ச் மாதம் லா மான்ஷ் கால்வாயைத் தாண்டிச் செய்தி அனுப்பியபோது, பிரான்லிக்கு மரியாதை சொல்லி ஒரு செய்தி அனுப்பினார். புதுச்சேரியில் எங்கள் தலைமுறைப் பெரியவர்கள் ரேடியோவைக்கூட நெடுங்காலம் தே.எஸ்.எஃப். என்றுதான் சொல்லி வந்தார்கள். கம்பியில்லாத் தந்தி என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது.

இந்தப் பழங்கதையை எடுக்கக் காரணம் உண்டு. இப்போது உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு போகிறவர்கள் சாப்பாடு பற்றிக் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ஒரு வைஃபை பிளான் வாங்கினால் எத்தனை போனில் போட்டுக்கொள்ளலாம்?" கேட்க நேற்றுப் பிறந்த கேள்வி போலத் தோன்றும். கப்பலிலிருந்து கரைக்குப் போகும் வழி ஒன்றுதான், அதற்கு நிற்கிற ஆட்கள் பலர், யார் முதலில் என்பதே இதன் உள்ளே இருக்கும் விஷயம். அந்தப் பிரச்சினைக்கு 125 வயதுக்கும் மேல்.

1899 நவம்பரில் மார்கோனி அமெரிக்காவிலிருந்து செயின்ட் பால் என்ற கப்பலில் திரும்பினார். இங்கிலாந்துக் கரை நெருங்கும்போது வைட் தீவில் இருந்த தன் நிலையத்தோடு தொடர்பு கொண்டு, வந்த செய்திகளைக் கப்பலிலேயே அச்சடித்து ஒரு சிறு பத்திரிகையாகப் பிரதி ஒரு டாலருக்கு விற்றார்கள். பணம் மாலுமிகள் நிதிக்குப் போனது. யோசித்துப் பார்த்தால் இதுவும் பகிர்வுதான். ஒரே இணைப்பில் வந்ததைத் தாளில் அச்சடித்துப் பலர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த சில வருடங்களில் இது வியாபாரம் ஆயிற்று. மார்கோனி கம்பெனி கப்பலுக்குக் கருவியை மட்டும் தரவில்லை, அதை இயக்கும் ஆளையும் தன் சம்பளத்தில் அனுப்பியது. வேறு கம்பெனிக் கருவி வைத்த கப்பல் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1902-ல் ஜெர்மன் கெய்சரின் தம்பி இளவரசர் ஹைன்ரிஷ் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது, அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றி சொல்லி அனுப்ப முயன்ற செய்தியை மார்கோனி நிலையம் ஏற்கவில்லை. கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி. இந்தச் சச்சரவும் சேர்ந்து 1903-ல் பெர்லினில் நாடுகள் கூடிப் பேசும் நிலை வந்தது. "இந்தக் கருவிக்கு அனுமதி இல்லை" என்று இன்று கப்பல் வைஃபை நம் போனிடம் சொல்வதற்கு அன்றே முன்னோடி இருந்திருக்கிறது.

1912 ஏப்ரல் மாதம் வந்த டைட்டானிக் எல்லோருக்கும் தெரியும். அதன் தந்தி அறையில் இருவர். ஜாக் பிலிப்ஸுக்கு 25 வயது, ஹெரால்ட் பிரைடுக்கு 22. முதல் பத்து வார்த்தைக்குக் கட்டணம் 12 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது ஒரு பவுனில் பாதிக்கும் மேல். அப்படியிருந்தும் பணக்காரப் பயணிகள் "சுகமாக இருக்கிறோம், சந்திக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தபடியே இருந்தார்கள். நடுவில் கருவி பழுதாகி, இரவெல்லாம் உட்கார்ந்து சரி செய்ததில் தந்திகள் குவிந்துவிட்டன. 14-ஆம் தேதி இரவு பிலிப்ஸ், நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள கேப் ரேஸ் நிலையத்துக்கு அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

11 மணி சுமாருக்குக் கலிஃபோர்னியன் என்ற கப்பலின் தந்தியாளர் சிரில் எவான்ஸ் குறுக்கே வந்தார். தாங்கள் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டோம் என்று சொல்ல வந்தவர். பக்கத்துக் கப்பல் என்பதால் அவர் சத்தம் காதைப் பிளந்தது, கேப் ரேஸோடு நடந்த வேலை கெட்டது. பிலிப்ஸ் அவரைப் பேசாமல் இருக்கும்படி அதட்டிவிட்டார். எவான்ஸுக்கு 20 வயது. அந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான் தந்தியாளர், மாற்று ஆள் கிடையாது. பதினொன்றரை மணியளவில் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனார். 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. சுமார் 1500 பேர் இறந்தார்கள். பிலிப்ஸும் அவர்களில் ஒருவர், கிட்டத்தட்ட கடைசிவரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். தூரத்தில் கார்ப்பேதியா கப்பலின் தந்தியாளர் படுக்கப் போகும் நேரத்திலும் காதில் கேட்பொறியை வைத்திருந்ததால் 700-க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

பிலிப்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்தவர்களின் தந்தியை அனுப்புவது அவருக்குச் சொல்லப்பட்ட வேலை.  பிறகு வந்தது சட்டம். 1914 ஜனவரி 20-ல் லண்டனில் கையெழுத்தான கடல் பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பல்களில் இடைவிடாத தந்திக் காவலுக்கு விதி வகுத்தது. ஆபத்துக் குரல் வந்தால் மற்ற எல்லாச் செய்தியும் வழிவிட வேண்டும் என்பது கடலின் விதியாக நிலைத்தது. வரிசையின் முதல் இடம் யாருக்கு என்பது அதோடு முடிவாயிற்று. கடைசி இடத்தில் நிற்பவர் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

தந்திக்குப் பிறகு ரேடியோ தொலைபேசி. பிரான்சில் துலூஸ் நகரை அடுத்த சேன்-லிஸ் நிலையம் கப்பல்களுக்குப் பெயர் போனது. குறித்த நேரத்தில் எந்தெந்தக் கப்பலுக்குச் செய்தி இருக்கிறது என்று பட்டியல் படிப்பார்கள். கப்பல் பதில் சொல்லி முறை வரக் காத்திருக்கும். மாலுமி மனைவியோடு பேசுவதை அந்த அலைவரிசை பிடித்த எவரும் கேட்கலாம்! 1997 ஜனவரி 31 அன்று பிரான்சின் கடல் வானொலி மோர்ஸ் ஒலிபரப்பை நிறுத்தியபோது, நித்திய மௌனத்துக்கு முன் இது எங்கள் கடைசிக் குரல் என்ற பொருளில் ஒரு செய்தி அனுப்பியது. மறு வருடம் சேன்-லிஸ் நிலையமும் மூடப்பட்டது. அதற்குள் செயற்கைக்கோள் வந்துவிட்டது. 1976-ல் மாரிசாட், 1979-ல் இன்மார்சாட் அமைப்பு. 1990-களின் கடைசியில் உல்லாசக் கப்பல்களில் இணைய அறைகள் திறந்தார்கள். நாலைந்து கம்ப்யூட்டர், நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம்.

இனி ஒரே இணைப்பைப் பல கருவிகள் எப்படிப் பகிர்கின்றன என்பது. இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விலாச எண் வேண்டும். பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான். போதாது என்று முன்பே தெரிந்து, 1994 மே மாதம் எகேவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். பல கருவிகள் வெளியுலகுக்கு ஒரே விலாசத்தில் தெரிவது.

குமாஸ்தா வேலை பார்த்த எவருக்கும் இது உடனே புரியும். அலுவலகத்துக்கு விலாசம் ஒன்று, உள்ளே பிரிவுகள் பல. 'ஏ' பிரிவு கடிதம் எழுதினாலும் 'பி' பிரிவு எழுதினாலும் தபால் பிரிவு ஒரு கோப்பு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, ஒரே விலாசத்தில் அனுப்பும். பதில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு வரும். பதிவேட்டைப் பார்த்து உரிய மேசைக்குக் கொடுத்துவிடுவார்கள். ரவுட்டர் என்னும் சிறு பெட்டி செய்வது முழுக்க இந்தத் தபால் குமாஸ்தா வேலைதான், நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்கிறது. வீட்டில் நம் போனும் டி.வி.யும் இப்படித்தான் ஓடுகின்றன. கப்பலில் ஆயிரக்கணக்கான பயணிகளும் இப்படித்தான் சில விலாசங்களுக்குள் அடங்குகிறார்கள்.

அப்படியானால் கப்பலில் மட்டும் ஏன் ஒரு போனுக்கு ஒரு கட்டணம்? பழைய செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி போய்ப் பதில் வரவே அரை நொடி ஆகும், வழியும் குறுகல். அதனால் ஒவ்வொரு போனிலும் உள்ள தனி அடையாள எண்ணைக் கப்பல் குறித்துக்கொண்டு, பணம் கட்டியதற்கு மட்டும் கதவைத் திறக்கிறது. பல பிளான்களில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான். அதிலிருந்து வெளியே வந்தால்தான் அடுத்ததில் நுழையலாம். சில போன்கள் வாங்கிய வைஃபையை ஹாட்ஸ்பாட்டாக மற்றவற்றுக்குக் கொடுக்கும், கையடக்க ரவுட்டரும் கடையில் கிடைக்கிறது. ஆனால் சில கப்பல் கம்பெனிகள் ரவுட்டரைக் கொண்டுவரக் கூடாத பொருள் பட்டியலில் வைத்திருக்கின்றன. போகுமுன் படித்துக்கொள்ளுங்கள். இப்போது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் 2022 முதல் பெரிய உல்லாசக் கப்பல்களில் வந்து, நெரிசல் நிறையக் குறைந்திருக்கிறது.

2018-ல் மகள் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் போனோம். ஐந்து பேர், ஒரு பிளான். பேத்தி ஒரு தாளில் யாருக்கு எந்த அரைமணி என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். "தாத்தாவுக்கு காலை 6 முதல் 6.30" என்று எனக்கும் ஒரு வரி. அறையைச் சுத்தம் செய்ய வந்த இந்தோனேசியத் தம்பி அதைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் வீட்டோடு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன். கப்பலில் ஊழியருக்கும் இணையம் காசுக்குத்தான், அதனால் துறைமுகம் வரும்வரை பொறுத்திருப்பேன் என்றார். மறுநாள் பினாங்கில் இறங்கியபோது பார்த்தேன். சீருடை மாற்றிய ஊழியர்கள் இருபது முப்பது பேர் துறைமுகப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்க யாரும் எழுந்திருக்கவில்லை.

வரிசையின் கடைசியில் நிற்பவர் என்று சொன்னேனே, அவர்கள்தான். சைகோனிலிருந்து கப்பல் தபாலில் சொல்தாவின் கடிதம் வரும் என்று வாரக்கணக்காகத் திண்ணையில் காத்திருந்த குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. ஆகையால் நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

சர்வதேச கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ல் உருவானது, இந்தியா 2015-ல் ஏற்றது. அதன்படி மாலுமி என்றால் கப்பலை ஓட்டுபவர் மட்டுமல்ல. சமையல்காரர், பரிமாறுபவர், அறை சுத்தம் செய்பவர் எல்லோரும் மாலுமிகள்தான். 2022-ல் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள். கப்பலில் பணிபுரிவோருக்கு வீட்டாரோடும் வெளியாரோடும் தொடர்பு கொள்ளும் வசதி இருக்க வேண்டும் என்பது கட்டாயப் பகுதியிலேயே சேர்ந்தது. 2024 டிசம்பர் 23 முதல் அமலில் இருக்கிறது.

அரசாணை படித்துப் பழகிய கண் எனக்கு. இணையம் தருவது, கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருப்பது ஆகிய இரண்டும் வழிகாட்டுதல் பகுதியில்தான் வருகின்றன, அதுவும் "நடைமுறையில் இயன்ற அளவு" என்ற சொற்களோடு. இந்த மாதிரிச் சொற்றொடர் ஒரு ஆணையில் இருந்தால் மனமுள்ள அதிகாரி அதை வைத்து நல்லது செய்வார், மனமில்லாதவர் அதையே காட்டிக் கோப்பைக் கட்டிவைப்பார். முப்பது வருடத்தில் இரண்டு வகையும் பார்த்தாயிற்று. 1912-க்குப் பிறகு இரண்டே வருடத்தில் உலகம் ஆபத்துக் குரலைக் கேட்க இடைவிடாத காவலுக்கு விதி வகுத்தது. அதே கப்பலில் வேலை செய்பவன் தன் குழந்தையோடு பேசும் உரிமை ஏட்டில் ஏற இன்னும் 110 வருடம் ஆகியிருக்கிறது. விண்ணில் வழி அகலமாகிவிட்ட இந்தக் காலத்தில், "இயன்ற அளவு" என்பதற்குப் பழைய அர்த்தம் சொல்ல இனி இடமில்லை என்பது என் கருத்து.